மாட்டு வண்டிக்கு ஒன்று, மனிதனுக்குச் சைபர்

சாலையும் ரயில் பாதையும் குறுக்கிடும் இடத்தில் கேட் இருக்கிறதல்லவா, அந்தக் கேட்டுக்குப் பதில் மேம்பாலம் கட்டுவதா, கேட்டைச் சிக்னலோடு பிணைப்பதா, பழையபடியே விட்டுவிடுவதா என்பதை ரயில்வே நிர்வாகம் ஒரு பெருக்கல் கணக்கை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு எத்தனை ரயில், நாளொன்றுக்கு எத்தனை வாகனம், இரண்டையும் பெருக்கு. வருகிற தொகைக்கு டி.வி.யூ. என்று பெயர். செலவைச் சரிபாதி மாநில அரசோடு பங்கு போட்டு மேம்பாலம் கட்ட இந்தத் தொகை ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம்.

இதில் எது எத்தனை என்று விதி இருக்கிறது. மோட்டார் வண்டி ஒன்று. மாட்டு வண்டி ஒன்று. குதிரை வண்டி ஒன்று. சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் அரை. சரி, தலையில் கூடையோடு நடந்து போகிற பெண்பிள்ளைக்கு எவ்வளவு? புத்தகப் பையோடு ஓடுகிற பையனுக்கு? இரவு ஷிப்ட் முடிந்து கண் சொருக வருகிற தொழிலாளிக்கு? இவர்களுக்கு எண்ணே கிடையாது. சைபர்!

ரயில்வே அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் இந்தத் தாள்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். கேட்டருகே ஆள் உட்கார்ந்து நாட்கணக்கில் கோடு போட்டு எண்ணுவார்கள். லாரி போனால் ஒரு கோடு. டெம்போ போனால் ஒரு கோடு. ஆயிரம் பேர் நடந்து போனாலும் தாளில் ஒரு கோடு விழாது. எண்ணுகிறவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

டிராம்பே, செம்பூர், மான்கூர்து பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான கணக்கு வேறில்லை என்று நாம் கருதுகிறோம். ரேஷன் கார்டுக்காகவும் தண்ணீர்க் குழாய்க்காகவும் நாம் போராடியிருக்கிறோம். இந்தக் கேட்டுக் கணக்கைக் கேள்வி கேட்டதில்லை.

டிராம்பே பாதையின் பூர்வகதை நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1928ல் ஜி.ஐ.பி. ரயில்வே, அந்தேரியிலிருந்து குர்லா வழியாக டிராம்பேவுக்கு ஒரு பாதை ஓட்டியது. விமானத் தளத்துக்கு இடைஞ்சல் என்று 1934ல் அது மூடப்பட்டது. குர்லாவுக்குக் கிழக்கே உள்ள பக்கம் பிழைத்துக் கொண்டது. பிழைத்ததற்குப் பிற்பாடு பெரும் வேலை வந்தது. 1954ல் ஸ்டான்வாக் கம்பெனியும் 1955ல் பர்மா ஷெல் கம்பெனியும் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் திறந்தன. இன்று அவை ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறி அரசுக் கம்பெனிகளாக நிற்கின்றன. 1956ல் டாட்டாவின் அனல் மின் நிலையம் வந்தது. 1965ல் உரத் தொழிற்சாலை வந்தது. அணுசக்தி நிலையம் மலையடிவாரத்தையே வளைத்துக் கொண்டது. பெட்ரோலும் உர மூட்டையும் நாட்டின் உள்பகுதிக்குப் போக வேண்டுமே, அதற்குச் சரக்குப் பாதைகளும் சைடிங்குகளும் கிளை பிரிந்தன. இன்றைக்கும் செம்பூரிலிருந்து டிராம்பே, மாகுல் பக்கம் போகிறவர் எவரும் ஏதோ ஒரு தண்டவாளத்தைத் தாண்டாமல் போவது அரிது.

இங்கே குடியேறிய நம்மவர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்கள் ஆலை கட்ட மண் சுமந்தார்கள். ஆலை எழும்பிய பிறகு ஆலைக்கு வெளியே நின்றார்கள். அணுசக்தி நிலையத்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. சுமார் 70,000 பேர் இருந்த குடியிருப்பு. அதில் தமிழர் ஏராளம். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அதைத் தரைமட்டமாக்கி மக்களை வாரிக் கொண்டுபோய்ச் சீத்தா கேம்ப்பில் போட்டார்கள். அந்தப் போராட்டத்தின் தலைமகனாக நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரிடம் பின்னால் வருகிறோம். இப்போது கம்பிக்கு வருவோம்.

தலைக்கு மேலே ஓடுகிற மின்கம்பியைப் பற்றி நம் மக்களிடையே ஒரு பழைய நினைப்பு உண்டு: தொட்டால்தான் ஆபத்து, தொடாதவரை ஒன்றுமில்லை. இது 1,500 வோல்ட் காலத்து நினைப்பு. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி போரிபந்தரிலிருந்து ஹார்பர் பாதை வழியாகக் குர்லாவுக்கு ஓடிற்று. அன்று முதல் தொண்ணூறு ஆண்டுகளாக நம் தலைக்கு மேல் இருந்தது 1,500 வோல்ட் நேர் மின்சாரம். அதுவும் ஆளைக் கொல்லக் கூடியதே. ஆனால் மத்திய ரயில்வே படிப்படியாக மாறி, 2016 ஏப்ரலில் ஹார்பர் பாதையையும் 25,000 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டது. பதினாறு மடங்குக்கு மேல்! வண்டி வேகமெடுக்கிறது, மின்சாரம் மிச்சமாகிறது, எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தக் கம்பியைத் தொடத் தேவையே இல்லை. நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். அதனால்தான் 2 மீட்டருக்குள் எவரும், எந்தப் பொருளும் வரக் கூடாது என்று ரயில்வே தன் தொழிலாளிக்கே விதி வைத்திருக்கிறது. மழையில் நனைந்த மூங்கிலும் ஒரு பொருள்தான். அலுமினிய ஏணியும், குடையும், தோளில் சாய்த்துக் கொண்டு போகிற இரும்புக் கம்பிக் கட்டும் பொருள்தான்.

இனி அளவைப் பாருங்கள். கேட் இருக்கும் இடத்தில் கம்பி குறைந்தது 5.50 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் அடிக்கணக்கில் 18 அடி. கேட்டுக்கு இரு பக்கமும் சாலையில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு சட்டம் வைத்திருப்பார்கள். அதற்கு ஹைட் கேஜ் என்று பெயர். அதன் உயரம் 4.67 மீட்டர், அதாவது 15 அடி 4 அங்குலம். இதற்குமேல் பாரம் ஏற்றிய லாரி சட்டத்தில் இடித்து நிற்கட்டும், கம்பியில் போய் முட்ட வேண்டாம் என்பது ஏற்பாடு. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடியில் உயரமான லாரி சிக்கி, டிரைவர் தலையில் கை வைத்துக் கொண்டு நிற்கிற காட்சியை நாமெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பாலத்தில் சிக்கினால் சிரிப்பு. கம்பியில் சிக்கினால் சாம்பல்.

சரக்கு வேகனின் உச்சி தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 14 அடி வரை இருக்கலாம் என்பது ரயில்வே வகுத்த எல்லை. கம்பி 18 அடி. இடையில் மீதம் 4 அடி. பத்து வயதுப் பையன் ஒருவன், காற்றாடி மாட்டிக் கொண்டதென்றோ வேடிக்கைக்கென்றோ, நின்று கொண்டிருக்கும் டாங்கி வேகனின் ஏணியில் ஏறி மேலே நிமிர்ந்தால் அவன் தலை கம்பியில் இருக்கிறது. இப்போது கைபேசியில் படம் எடுக்க வாலிபர்களும் ஏறுகிறார்கள். இந்தச் செய்தி நாட்டின் ஏதாவது ஒரு யார்டிலிருந்து அடிக்கடி வந்து கொண்டேயிருக்கிறது, பத்திரிகைகளில் நாலு வரி, மறுநாள் மறந்துவிடுகிறோம்.

வேகனுக்கு 14 அடி என்றோம். பம்பாய் மாநகராட்சி குடிசைகளுக்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் உயர வரம்பும் 14 அடிதான் என்பது வேடிக்கையான பொருத்தம். பத்துக்குப் பதினைந்து கோலியில் மூன்று பிள்ளை, கிழவி, ஊரிலிருந்து வேலை தேடி வந்த மச்சினன் என்று குடும்பம் பெருத்தால் பக்கவாட்டில் போக இடமேது? மேலேதான் போக வேண்டும். மாளா போடுகிறோம், மாளாவுக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் துணி உலர்த்தக் கொடி. மாநகராட்சி ஆள் வந்து 14 அடியைத் தாண்டிவிட்டது என்று இடிப்பான். கம்பி பக்கத்தில் இருக்கிறதே, உயிருக்கு ஆபத்தாயிற்றே என்று சொல்லி இடிக்க மாட்டான். அவன் புத்தகத்தில் கம்பி இல்லை, ரயில்வேக்காரர் புத்தகத்தில் குடிசை இல்லை.

இது ரயில்வே போட்ட கம்பி. மின் நிலையத்திலிருந்து கோபுரம் கோபுரமாக நகரத்துக்குள் போகிற உயரழுத்தக் கம்பிகள் வேறு. கேபிள் டி.வி.காரன் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கூரைக்கும் இழுத்த கறுப்புக் கயிறுகள் வேறு. யாருடைய கம்பி எது என்று கீழே நிற்பவனுக்குத் தெரிய வழியில்லை.

கம்பி தாழ்வது எப்படி என்று நாம் நினைக்கிறோம்? கம்பம் சாய்ந்து, கம்பி தொய்ந்து தாழ்வதாக நினைக்கிறோம். அதுவும் நடக்கும்தான். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: கம்பி இருந்த இடத்தில் இருக்கிறது, சாலை உயர்கிறது. மழைக்கு முன்னால் ஒரு பூச்சு, மழைக்குப் பின்னால் ஒரு பூச்சு, தேர்தலுக்கு முன் சிமெண்ட் சாலை. பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே கொட்டுகிறார்கள். பத்து வருஷத்தில் சாலை ஒரு அடி உயர்ந்துவிடும். நம் கோலிகள் மழைக்காலத்தில் கிணறாவது இதனால்தான் என்பதை நாம் அறிவோம். அதே ஒரு அடி தலைக்கு மேலும் குறைகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. சாலையை உயர்த்திப் போட்டதும் ஒரு காரணம் என்று அப்போது ஊரார் சொன்னது நினைவிருக்கும். அந்தத் தேர் அந்தத் தெருவில் புதிதாக வந்த தேரல்ல. வருஷா வருஷம் போன தெருதான். சீத்தா கேம்ப்பிலும் செம்பூரிலும் நம் பிள்ளையார் ஊர்வலம் போகிறது, மாதா தேர் போகிறது, சந்தனக்கூடு போகிறது. மின் விளக்கு அலங்காரமும் உயர்ந்து கொண்டே போகிறது. போன வருஷம் போயிற்று, இந்த வருஷமும் போகும் என்றுதான் களிமேட்டிலும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே ரயில்வேயிடம் நாம் கேட்பது, சாலை போடும் மாநகராட்சியும் கம்பி வைத்திருக்கும் ரயில்வேயும் ஒவ்வொரு சாலை வேலைக்குப் பிறகும் சேர்ந்து வந்து அளக்க வேண்டும். அளந்த உயரத்தையும் தேதியையும் ஹைட் கேஜ் கம்பத்தில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுத வேண்டும். தமிழில் எதற்கு என்று ஓர் அதிகாரி புருவத்தைத் தூக்குவார். செத்தவன் பெயரைத் தமிழில் எழுத வேண்டிய நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்களே, அதற்கு முன்னாலேயே தேடட்டும்.

இனி தரைக்கு வருவோம். சரக்குப் பாதைக்கும் பயணிகள் பாதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பயணிகள் வண்டி வரும், போகும். கேட் ஐந்து நிமிஷத்தில் திறக்கும். சரக்கு ரேக் அப்படியல்ல. 50 டாங்கி வேகன் கோத்தால் 600 மீட்டரைத் தாண்டும். யார்டுக்குள் இடமில்லையென்றால் வழியிலேயே நிற்கும். நிற்கிற வண்டி எப்போது கிளம்பும் என்று முன்னால் இருக்கிற டிரைவருக்கும் சிக்னலுக்கும்தான் தெரியும். பள்ளிக்கூட மணி அடித்துவிடும், ஆலைச் சங்கு ஊதிவிடும். என்ன செய்வோம்? குனிந்து கப்ளிங்குக்கு அடியில் நுழைவோம். முதலில் பை, பிறகு பிள்ளை, பிறகு நாம்.

இதில் உள்ள பயங்கரத்தை ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் நாம் சொல்லியாக வேண்டும். என்ஜின் இழுக்கத் தொடங்கும்போது எல்லா வேகனும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. வேகனுக்கு வேகன் கப்ளிங்கில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். முதல் வேகன் இழுபட்டு, இரண்டாவது இழுபட்டு, அந்த உதறல் வால் வரைக்கும் சங்கிலித் தொடராக ஓடி வரும். என்ஜின் ஊதிய ஊதல் அரைக் கிலோமீட்டர் தள்ளி, லாரிச் சத்தத்துக்கும் ஆலைச் சத்தத்துக்கும் நடுவில் நம் காதில் விழாது. நாம் கேட்பது வேகன்களின் ‘கட கட கட’ சத்தம் மட்டுமே. அதைக் கேட்கிறபோது குனிந்தவருக்கு நிமிர நேரமில்லை.

இப்படிச் செத்தால் சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அவர் அத்துமீறி நுழைந்தவர். பிழைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிக்கெட் வைத்திருந்து வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்த பயணியின் குடும்பத்துக்கு எட்டு லட்ச ரூபாய் நஷ்டஈடு உண்டு. தண்டவாளம் கடந்து இறந்தவன் குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. உயிரோடு இருக்கும்போது சைபர் என்று எழுதினார்கள். இறந்த பிறகு கணக்கை மாற்றுவார்களா?

டாக்டர் அனில் ககோட்கர் தலைமையில் ரயில் பாதுகாப்பை ஆராய ஓர் உயர்மட்டக் குழு போட்டார்கள். ககோட்கர் நம் டிராம்பே அணுசக்தி நிலையத்தின் தலைவராக இருந்தவர். இந்தத் தண்டவாளங்களைத் தாண்டிப் போய் வந்த விஞ்ஞானி. 2012 பிப்ரவரியில் அவர் கொடுத்த அறிக்கை, நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் தண்டவாளம் கடக்கையில் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 6,000 பேர் பம்பாய்ப் புறநகர் பாதைகளிலேயே இறக்கிறார்கள் என்றும் சொல்லிற்று. நாகரிகமான எந்தச் சமுதாயமும் பொறுக்க முடியாத படுகொலை என்ற பொருளில் கடுமையாகவே எழுதியிருந்தார். எல்லா லெவல் கிராஸிங்குகளையும் ஐந்து ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னார். 50,000 கோடி ஆகும் என்றும் மதிப்பிட்டார். ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. சாவு குறைந்திருக்கிறது, அதை ஒப்புக் கொள்ள வேண்டும். என்றாலும் 2023லும் 2024லும் பம்பாய்ப் புறநகர் பாதைகளில் இறந்தவர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் தண்டவாளம் கடந்தவர்கள்.

அகலப் பாதையில் ஆளில்லாத கேட் ஒன்றுகூட இல்லை என்று 2019 ஜனவரியில் ரயில்வே அறிவித்தது. நல்ல வேலை. ஆள் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் விடை கிடைத்தது. ஆள் இருக்கிற கேட்தான். ஆனால் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பள்ளிக்கூட வேனை ரயில் அடித்தது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். உடனே கேட் கீப்பர் மேல் எல்லார் கையும் நீண்டது. தவறு செய்தவரை நாம் தாங்கிப் பேசவில்லை. ஆனால் சிக்னலோடு பிணைத்த கேட் என்றால் என்ன? கேட் மூடிப் பூட்டு விழுந்தாலொழிய ரயிலுக்குப் பச்சை விழாது. ஒரு மனிதன் அயர்ந்தாலும் இரும்பு அயராது. பன்னிரண்டு மணி நேர ரோஸ்டரில் ஒற்றை ஆளை ஒரு பெட்டி போன்ற அறையில் உட்கார வைத்து, டெலிபோனை மட்டும் நம்பி நூறு உயிரை ஒப்படைத்துவிட்டு, அயர்ந்தான் என்று அவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதுமா? அதே மாதம் ரயில்வே அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: கேட்டைச் சிக்னலோடு பிணைக்க இருந்த 20,000 டி.வி.யூ. வரம்பு 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. கேட்டுகளில் காமிராவும் வைக்கச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகளின் உயிருக்கு ஒரு சைபர் நகர்ந்தாற்போல் பாதியாயிற்று வரம்பு!

பத்தாயிரம் நமக்குப் போதுமா? ஒரு கேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு 8 சரக்கு வண்டி, 1,000 வாகனம். பெருக்கினால் 8,000. வரம்புக்குள் வராது. அந்த வழியே 6,000 பேர் நடந்து போனாலும் 8,000தான். ஒருவரும் நடக்காவிட்டாலும் 8,000தான். சரக்குப் பாதை எப்போதும் இந்தக் கணக்கில் தோற்கும். வண்டி குறைவு, ஆகவே பெருக்குத் தொகை குறைவு. வண்டி அரை மணி நேரம் குறுக்கே நின்றாலும் ஒரு வண்டி ஒரு வண்டியே.

இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கே கேட்பார்: கேட்டை மூடிவிட்டு மேம்பாலம் கட்டினால் தொல்லை ஒழிந்ததல்லவா? வாகனத்துக்கு ஒழிந்தது. மேம்பாலம் லாரி ஏறும் சரிவுக்குக் கட்டப்படுவது. ஏறி இறங்க ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். கேட் இருந்த இடத்தில் சுவர் எழும்பும். பிறகு சுவரில் ஓட்டை விழும், ஓட்டையில் நாம் நுழைவோம், நுழைந்தால் 147ஆம் பிரிவு. இதை ஒரு மூதாட்டி நமக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “பாலத்தச் சுத்திப் போயிட்டு வந்தா குழாயில தண்ணி நின்னு போயிரும்லா தம்பி!” எஞ்சினியர்கள் இந்த வாக்கியத்தைப் பிளானில் எழுதி வைத்துக் கொண்டால் நல்லது.

தாராவித் தோழர்களுக்குச் சயான் பாலத்தைச் சொன்னால் விளங்கும். 1912ல் கட்டிய பாலம்; ஐந்தாவது, ஆறாவது பாதைகளுக்கு இடம் வேண்டுமென்று 2024 ஆகஸ்ட் 1 முதல் வண்டிகளுக்கு மூடினார்கள். பாதை கூடுவது நமக்கும் நல்லதே. ஆனால் மூடுகிற தேதி மட்டும் சொன்னபடி வந்துவிடும், திறக்கிற தேதி தள்ளித் தள்ளிப் போகும் என்பது இந்த நகரத்தின் அனுபவம்.

பணமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். தில்லிப் பக்கத்து தாத்ரியிலிருந்து நமக்கு எதிர்க்கரையில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தை நோக்கி 1,500 கிலோமீட்டருக்குத் தனிச் சரக்குப் பாதை போட்டு வருகிறார்கள். ஒரு கண்டெய்னர் மேல் இன்னொரு கண்டெய்னரை அடுக்கிக் கொண்டு போக வேண்டும் என்பதற்காக அதன் மின்கம்பியை ஏழரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். சாதாரணப் பாதையைவிட 2 மீட்டர் அதிகம். என்ஜினின் கையையும் அதற்கேற்ப நீட்டினார்கள். அந்தப் பாதையில் லெவல் கிராஸிங் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனை குறுக்குச் சாலைக்கும் மேலேயோ கீழேயோ வழி கட்டினார்கள். பெட்டிக்கு மேல் பெட்டி போகக் கம்பி உயர்கிறது. டிராம்பேயில் மனிதன் நடக்க ஒரு சுரங்க வழி கேட்டால் டி.வி.யூ. போதவில்லை என்கிறார்கள்.

நம்மவரிடையே ஓர் அச்சம் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. “கேட்டைச் சரி செய், கம்பியைச் சரி செய் என்று நாமே மனுக் கொடுத்தால், அளக்க வருகிறவன் முதலில் நம் குடிசையைத்தான் அளப்பான்” என்கிறார்கள். தவறான அச்சமல்ல. ரயில் பாதையோரக் குடிசைகளுக்குப் புல்டோசர் வந்த வரலாறு நம் கண்முன் இருக்கிறது. ஆனால் வாய் மூடி இருந்ததால் பிழைத்த குடிசை எது? 1976ல் ஜனதா காலனி யாரையும் அளக்கக் கூப்பிடவில்லை, அதுவும் போயிற்று. மாறாக, பாதையோர மக்கள் தாங்களே வீடு வீடாகக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு ரயில்வேயிடமும் அரசிடமும் பேசியபோதுதான், பம்பாய் நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. அந்த வீடுகளின் லட்சணத்தைப் பற்றி, லிப்ட் ஓடாததைப் பற்றி, இன்னொரு இதழில் எழுதலாம். ஆயினும் வீடு கிடைத்தது. கைக்குக் காகிதம் கிடைத்தது.

ஜோக்கின் அற்புதத்திடம் பின்னால் வருவோம் என்றோமே, இங்கேதான். 2018 அக்டோபரில் காலமாகும்வரை அவர் குடிசை மக்களுக்குக் கற்றுக் கொடுத்த பெரிய வித்தை இதுதான்: சர்க்கார் உன்னை எண்ணவில்லையா, நீயே உன்னை எண்ணு. 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தபோதும், பிறகு ரயில் பாதையோரத்தைக் கணக்கெடுத்தபோதும் அவருடைய இயக்கமும் தோழமை அமைப்புகளும் செய்தது இதைத்தான். அதிகாரியின் மேஜையில் இல்லாத தாளை இவர்கள் கொண்டு போய் வைத்தார்கள்.

அப்படியானால் நாம் கேட்பது: கேட்டை மூடுவதானால், மூடுகிற நாளுக்கு முன்பே அதே இடத்தில் நடப்பவருக்குப் படிப்பாலமோ சுரங்க வழியோ திறந்திருக்க வேண்டும், வண்டிக்குச் சுற்று வழி, மனிதனுக்கு நேர் வழி. மூடாத கேட்டைப் பெருக்குத் தொகை பாராமல் சிக்னலோடு பிணைக்க வேண்டும். ரேக்கைக் குடியிருப்புக்குக் குறுக்கே நிறுத்துவதானால் எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். கம்பிக்கு அருகே உள்ள குடிசைகளை அகற்றித்தான் தீர வேண்டுமென்றால் முதலில் மாற்று வீட்டின் சாவி, பிறகு இடிப்பு. எண்ணும் தாளில் நடப்பவருக்கு ஒரு கட்டம் வேண்டும். ஒன்று கேட்கவில்லை, அரை கேட்கவில்லை, கால் கொடுத்தாலும் போதும், வாங்கிக் கொள்வோம்!

அந்தத் தாளை நாமே தயாரிக்க நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரம், ஏழு நாளும், காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை, சரக்குப் பாதையை நம்மவர் கடக்கும் இடங்களில் இருவர் இருவராக உட்கார்ந்து எண்ணுவோம். ஆண், பெண், பிள்ளை, சுமையோடு போகிறவர், நின்ற வண்டிக்கு அடியில் நுழைந்தவர் என்று ஐந்து பத்தி. வண்டி குறுக்கே நின்ற நேரமும் விட்ட நேரமும் தனியாகக் குறிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் வரலாம். பகலில் தாய்மார்கள் பார்த்துக் கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டவாளத்தின் மேல் யாரும் நிற்கக் கூடாது, வேலிக்கு இப்பால்தான் உட்கார வேண்டும். கோடு போட்ட நோட்டு சங்கத்தில் கிடைக்கும். பென்சிலும் நாங்களே தருகிறோம். மழை பெய்தால் பேனா மை கரைந்துவிடும்.